சீல் வாங்கத்தான் போனோம்
ஸ்கூல் பசங்களுக்கு சமூக சேவையைக் கட்டாயப்படுத்தினா சேவை மனப்பான்மை தானா வந்துடும்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, எனக்கு அதுல டவுட்தான். கனடாவுல ஒன்டாரியோவுல 40 மணி நேரம் சேவை செஞ்சாத்தான் பள்ளிப்படிப்பு டிப்ளமாவே, ஆனா மணிக்கணக்குன்னு வந்துட்டா பசங்க கண்ணு கடிகாரத்துலதான இருக்கும்? எங்க ஸ்கூல்ல முதியோர் இல்லத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க, பேனர் புடிச்சு போட்டோ எடுத்தோம், சேவை செஞ்சோம்னு நோட்டுல சீல் வாங்கினோம், ஒரு பாட்டிகிட்ட பேரு கூட கேக்கல. அதுக்காக மேல கமென்ட்ல ஒருத்தர் சொல்ற மாதிரி கட்டாய சேவையே அடியோட வேண்டாம்னும் சொல்ல மாட்டேன், ஏன்னா அன்னைக்கு கண்ணு சரியா தெரியாத ஒரு தாத்தா பேப்பர் படிச்சுக் காட்டச் சொன்னார், என் ஃப்ரெண்டு ஒருத்தன்தான் உக்காந்து இரங்கல் விளம்பரம் வரைக்கும் விடாம படிச்சான், அப்புறம் யாரும் சொல்லாமலே ஞாயித்துக்கிழமை ஆனா அங்க கெளம்பிடுவான், அவன் நோட்டுல அதுக்கெல்லாம் சீலே கெடையாது.