பாமினியில் வந்த நாவல்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டது. மின்னூலாக்கச் சொல்லி எழுத்தாளர்கள் என்னிடம் அனுப்பும் கோப்புகள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்! எழுத்துருவை எடுத்தால் எல்லாம் ஆங்கில எழுத்து. மெய்யெழுத்துப் புள்ளியெல்லாம் அரைப்புள்ளி. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டால், நடுவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து தமிழாகிக் குழம்பிக் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும்.

அத்தியாயம் முடிந்தால் அடுத்த பக்கம் வரும்வரை என்டர் தட்டியிருப்பார்கள். ஐயா, ஈபப் என்ற மின்னூல் வடிவத்தில் பக்கமே நிலையாக நிற்காது! வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் நகரும், உங்கள் என்டரெல்லாம் வெற்றுத்திரையாய் நிற்கும். வேர்டில் அத்தியாயத் தலைப்புக்கு 'ஹெடிங் 1' பாணி போட்டால் பொருளடக்கம்கூட எளிதாக வந்துவிடுமே. வருஷக்கணக்கில் உழைத்து எழுதியது வாசகர் கைக்கு ஒழுங்காய்ப் போக வேண்டாமா? கேட்டால், "பிடிஎஃப் போதாதா தம்பி?" ஆறு அங்குலத் திரையில் ஏ4 பிடிஎஃப்பை யார் படிப்பது?