வலைக்குத் தண்ணீர் அடிக்க வேண்டாம்
சிலந்தி வலையைப் படம் எடுப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, வலை படத்தில் பளிச்சென்று தெரிய ஸ்பிரேயரில் தண்ணீர் அடிக்கச் சொல்கிறது. நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன். பசை இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையே தொய்ந்துவிட்டது. இரை பிடிக்க வலை இல்லையென்றால் அந்தச் சிலந்தியின் அன்றைய சாப்பாடு போச்சு. எங்கள் தாமிரபரணிக் கரையில், மார்கழிக் காலை ஏழு மணிக்கு வாழைத்தோட்டத்துக்குள் போனால், பனியே இழை இழையாக மணி கோத்து வைத்திருக்கும். பனி இல்லையா, சரி, வெயிலுக்கு எதிரே குனிந்து, வலைக்குப் பின்னால் நிழலான வாழைச்சருகு வரும்படி எடுங்கள். இழை வெள்ளிக்கம்பியாக மின்னும். அப்புறம், ட்ரைபாட் கால் செடியில் உரசக் கூடாது. எக்ஸ் வடிவில் கால் விரித்துத் தலைகீழாக இருக்கும் ஆர்ஜியோப் சிலந்தி, மிரண்டால் வலையையே ஊஞ்சலாக ஆட்டும். அது அடங்கும்வரை நானும் அசையாமல் நிற்பேன்.