இட்டேரிக்குத் தார் போட யாரைக் கேக்கோணும்?

தோட்டத்துக்குப் போகிற இட்டேரி, அதாவது இருபுறமும் வேலி உள்ள மண் பாதை, ஒரு மழைக்கே சேறாகிவிடும். பால் வண்டி உள்ளே வராது, பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏற மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். உடனே பத்துப் பேர் சேர்ந்து ஒரு மனு எழுதி, ஒரு சால்வையும் வாங்கிக்கொண்டு எம்.எல்.ஏ. ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறோம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், எங்கே பார்த்தாலும் இதுதான் வழக்கம். அந்த மனு கலெக்டர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து ஒன்றிய ஆபீசுக்கு இறங்கி, இன்ஜினியர் மேசையோடு நின்றுவிடும். பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பாதை ஊராட்சி பேரில் இல்லை.

மனு எழுதும் முன்னால் புலப்படத்தையும் (நிலத்தின் சர்வே வரைபடம்) அ-பதிவேட்டையும் (எந்தச் சர்வே எண் யார் பேரில் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) வாங்கிப் பாருங்கள். இட்டேரி 'வண்டிப் பாதை' என்று புறம்போக்கில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் இருபுறமும் கிளுவை வேலி வருசத்துக்கு ஒரு சாண் உள்ளே வந்திருக்கும். படத்தில் இருக்கிற அகலம் தரையில் இருக்காது. அதை அளந்து மீட்பது வருவாய்த்துறை வேலை, தாசில்தாரிடம் போக வேண்டும். ஊராட்சித் தலைவர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. பாதை பட்டா நிலத்தில் ஓடினால், எத்தனை தலைமுறையாகப் புழங்கியிருந்தாலும் அரசுப் பணம் அதில் இறங்காது. வழியோர நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்கை ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நடுவில் ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போடாவிட்டால் முழு ரோடும் நின்றுபோகும். அந்தச் சமாதானத்தை ஊருக்குள்ளேயே பேசி முடிக்காமல் எம்.எல்.ஏ.வைக் கேட்பதில் பலனில்லை.

அடுத்தது, ரோடு யாருடையது என்பது. ஊராட்சி ரோடா, ஊராட்சி ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா? மூன்றுக்கும் பதிவேடு வேறு, பணம் வேறு, ஆள் வேறு. ஒன்றிய ஆபீசில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இரண்டு பேர் என்பதே பலருக்குத் தெரியாது. ஒருவர் கிராம ஊராட்சிக்கு, இன்னொருவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றியத்துக்கு. ஊராட்சி விசயத்தை வட்டார ஊராட்சிக்காரரிடம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எம்.எல்.ஏ. நிதி வருசத்துக்கு 3 கோடி. தொகுதியில் 40 ஊராட்சி என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ஏழரை லட்சம்தான் வருகிறது, பேரூராட்சி, நகராட்சியைச் சேர்க்காமலே. எம்.பி. நிதி 5 கோடி, அதை ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம். இரண்டு பேரும் பரிந்துரைதான் செய்ய முடியும். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் அதிகாரிகள் வழியாகத்தான் போகும். எல்லாவற்றையும் அவர்களிடமே கொண்டுபோய்க் கொட்டுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம்.

ஊர்க்காரன் கையில் இருக்கிற உண்மையான ஆயுதம் கிராம சபைத் தீர்மானம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கோடு 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு கூட்டம் ஆகிவிட்டது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இங்கேதான் தப்பு நடக்கிறது. வருகைப் பதிவில் கையெழுத்து முதலில் வாங்கிவிடுவார்கள். தீர்மானப் பக்கத்தில் நாலு வரி எழுதி, கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கும். அந்தக் காலி இடத்தில் பிற்பாடு எது வேண்டுமானாலும் ஏறும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்கார வைத்து ஆள் கணக்கு காட்டிவிட்டு, பத்து நிமிசத்தில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று முடித்துவிடுவார்கள். ஆகவே தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுக்கச் சொல்லுங்கள். பக்கத்தைப் போனில் படம் எடுங்கள்.

தீர்மானத்தின் வாசகமும் முக்கியம். 'ஊராட்சிக்குத் தேவையான சாலைகள் அமைக்க' என்று எழுதினால் அது ஒன்றுக்கும் உதவாது. சர்வே எண், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர், மண் ரோடா கப்பி ரோடா என்று இருக்க வேண்டும். நகல் கேட்டால் கிளார்க் இழுத்தடிப்பார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் தந்தாக வேண்டும்.

தண்ணீருக்கும் இதே கணக்குத்தான். மேல்நிலைத் தொட்டிக்கு ஆத்துத் தண்ணி வந்து சேரவில்லை என்றால் அது குடிநீர் வாரியத்துச் சங்கதி, அதற்கு எம்.எல்.ஏ. பேசினால் பலன் உண்டு. தொட்டி நிறைந்தும் கடைசி வீதிக்கு வரவில்லை என்றால் அது தலைவர், வார்டு மெம்பர், தண்ணி விடுகிறவர் மூவருக்குள் முடிகிற வேலை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணி ஏறவில்லை என்றால் முதலில் பாசன சபைத் தலைவரைப் பிடியுங்கள். அவரும் 2000-ஆம் வருசச் சட்டப்படி ஆயக்கட்டுக்காரர்கள் ஓட்டில் வந்தவர்தான்.

கிராமத்தில் ஒருவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் நாலு ஓட்டு. வார்டு மெம்பர், தலைவர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் இல்லை. பச்சைச் சீட்டில் ஒன்றியக் கவுன்சிலர், மஞ்சள் சீட்டில் மாவட்டக் கவுன்சிலர், இவர்கள் கட்சிச் சின்னத்தில் வருகிறவர்கள். தலைவர் தேர்தலில் உறவு, சாதி, பங்காளி எல்லாம் பார்த்துக் குத்துகிற நாம், பச்சைச் சீட்டு யாருக்குப் போனது என்பதையே மறந்துவிடுகிறோம். ஒன்றிய ரோட்டுக்கும் ஒன்றியப் பொது நிதிக்கும் வாய் திறக்க வேண்டியவர் அவர்தான். துணைத் தலைவரையும் யாரும் கவனிப்பதில்லை. ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரோடு அவர் கையெழுத்தும் வேண்டும். இருவருக்கும் ஆகாமல் போனால் தெருவிளக்கு பல்புக்குக்கூடப் பணம் வெளியே வராது. வார்டு மெம்பரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும், அவர்களில் ஒருவர்தான் துணைத் தலைவர் ஆகப்போகிறார்.

நம் பக்கம் எம்.பி. யார் என்பதிலும் பெரிய குழப்பம். கோபி, அந்தியூர், பவானி, பெருந்துறை எல்லாம் ஈரோடு மாவட்டம், ஆனால் எம்.பி. திருப்பூர் தொகுதிக்காரர். காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டம், எம்.பி. ஈரோடு. அவிநாசிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பவானிசாகருக்கும் நீலகிரி எம்.பி. தொகுதி எல்லை 2008-ல் போட்டது, திருப்பூர் மாவட்டம் 2009-ல் வந்தது. அவிநாசிக்காரர் எம்.பி. நிதிக்கு மனு கொடுத்தால் கடிதம் ஒரு மாவட்டத்தில், மதிப்பீடு இன்னொரு மாவட்டத்தில் என்று அலையும். மனுவிலேயே ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி நான்கையும் தனித்தனியாக எழுதிவிட்டால் அந்த அலைச்சல் பாதி குறையும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த நம் மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கு 2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்து, அவர்கள் இடத்துக்கு அரசு போட்ட தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016 கடைசியிலிருந்து 2019 வரையும் இதே நிலைதான். தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் நிற்கும். குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று அதில் பெரிய பங்கை ஒதுக்கியிருப்பதால், முதல் அடி குழாயிலும் சாக்கடையிலும்தான் விழும். ஆனால் தலைவர் இல்லை என்பதால் கிராம சபை நின்றுபோவதில்லை. தனி அலுவலர் காலத்திலும் கூட்டம் போட வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும். அந்த நகலோடு புலப்படம், அ-பதிவேடு, தானப் பத்திரம் மூன்றையும் சேர்த்துக் கட்டி, அதற்குப் பிறகு எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போங்கள். இன்ஜினியர் திருப்பி அனுப்பக் காரணம் கிடைக்காது.