2 லட்சம் வரம்பு எல்லோருக்கும் இல்லை

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் 25 சதவீத இடத்துக்கு, ஆண்டு வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், அது தவறு. ஒன்றிய அரசின் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இரண்டு பிரிவு உண்டு. நலிவடைந்த பிரிவுக்குத்தான் தமிழ்நாட்டில் அந்த வரம்பு. பட்டியல் சாதி, பழங்குடி, ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், தூய்மைப் பணியாளர் பிள்ளைகள் எல்லாம் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு, அவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மதுரை செல்லூரிலோ ஆரப்பாளையத்திலோ துப்புரவு வேலை பார்க்கும் ஒரு குடும்பம் அந்த அண்ணன் எழுதியதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டால், அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை கிடைக்க வேண்டிய இலவசப் படிப்பு போய்விடும், தயவுசெய்து திருத்துங்கள். அப்புறம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அங்கே போய் அலைய வேண்டாம்.