அடிக்காமல் ஜெயித்தவர் ஜான்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, ஹெல்மெட் போட்டு முட்டி மோதி ஆடுவது) வரலாற்றிலேயே அதிக ஆட்டங்களை ஜெயித்த கோச் யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஆட்டத்தை ஒரு வாரம் விடாமல் பார்ப்பவர்கள்கூட அலபாமா, ஓஹையோ ஸ்டேட் என்று பெரிய இடங்களிலிருந்துதான் தேட ஆரம்பிப்பார்கள். விடை இருப்பது மினசோட்டாவில், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே பெனடிக்டைன் துறவிகள் 1857-இல் தொடங்கிய ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில். இடம் காலேஜ்வில், பெயர் செயின்ட் ஜான்ஸ். ஆண்கள் மட்டும் படிக்கிற இடம். மாணவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் இரண்டாயிரத்தை எட்டாது. கோச்சின் பெயர் ஜான் கலார்டி. 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. மொத்தம் 64 சீசன். அதில் 60 இந்த ஒரே மைதானத்தில்.

அந்த மனிதர் பயிற்சியில் தன் பையன்களை ஒருவரையொருவர் டேக்கிள் செய்ய, அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே சாய்க்க, விடவே இல்லை. முட்டிச் சாய்ப்பதெல்லாம் சனிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும்தான்.

ஜானைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே மினசோட்டாவில் பள்ளி அணிகளில் சேரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள், என் மகன் உட்பட. பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு கோச், "முதல் ரெண்டு வாரம் பசங்களைப் பிழிஞ்சு எடுத்துடுவோம், தாக்குப்பிடிக்கிறவன்தான் ஆட்டக்காரன்" என்று பெருமையாகச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிழிந்தெடுத்தால்தான் வீரன் தேறுவான் என்ற நம்பிக்கை முழுக்கத் தவறு. அதைத் தவறென்று நிரூபித்தவர் நம் வீட்டிலிருந்து காரில் போய் வருகிற தூரத்தில் அறுபது வருடம் வேலை பார்த்திருக்கிறார்.

ஜான் கோச் ஆன கதையே தனி. கொலராடோவில் டிரினிடாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம். 1943-இல் உலகப் போர் நடக்கிறது. அவர் பள்ளி அணியின் கோச்சை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று பள்ளி நினைத்தபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தவருக்கு வயது 16. பழைய கோச்சின் காலத்தில் பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. உடற்பயிற்சி என்ற பெயரில் முதலிலேயே உயிரை எடுத்துவிடுவார்கள். பிறகு ஒருவர் மேல் ஒருவர் மோத வேண்டும். இந்தப் பையன் பொறுப்புக்கு வந்ததும் தனக்கு எதெல்லாம் பிடிக்கவில்லையோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். தண்ணீர் கொடுத்தான். மோதலை நிறுத்தினான். அணி ஜெயித்தது. பிறகு வாழ்நாள் முழுக்க அவர் செய்தது அதன் தொடர்ச்சிதான்.

மொன்டானாவில் கேரல் காலேஜில் நான்கு வருடம் இருந்துவிட்டு, 1953-இல் செயின்ட் ஜான்ஸுக்கு வந்தார். அவருக்கு முன்னால் அங்கே கோச்சாக இருந்தவர் ஜானி பிளட் மெக்நாலி. தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் முதல் வரிசையிலேயே இடம் பிடித்த ஆட்டக்காரர். அப்பேர்ப்பட்டவரே, இந்த இடத்தில் யாராலும் ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஜானின் 'கூடாது' பட்டியல் அமெரிக்கக் கோச்சுகள் நடுவே பிரபலம். பயிற்சியில் டேக்கிள் கூடாது. விசில் ஊதக் கூடாது. என்னைக் கோச் என்று கூப்பிடக் கூடாது, ஜான் என்றால் போதும். முட்டித் தள்ளும் இரும்பு வண்டி கூடாது. தடிமனான பிளேபுக் (ஆட்டத் திட்டப் புத்தகம்) கூடாது. பயிற்சி 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கொசுத்தொல்லை அதிகமென்றால் அன்றைக்குப் பயிற்சியே இல்லை. புதிதாக வந்தவனைச் சீனியர்கள் சீண்டக் கூடாது. சேர வருகிற யாரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பக் கூடாது. அதனால் அணியில் 150 பேருக்கு மேல் இருந்த வருடங்கள் உண்டு. சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் அத்தனை பேரும் உடுப்பு மாட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள். கேப்டன் பதவிகூட ஒருத்தருக்கென்று கிடையாது. கடைசி வருட மாணவர்கள் முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள்.

அவர் கோச்சாக இருந்த கடைசிக் காலத்தில் ஒரு மாலை அங்கே போய் ஓரமாக நின்று பயிற்சியைப் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட், தோள்கவசம், கீழே அரைக்கால்சட்டை. ஒருவன் பந்தோடு ஓடுகிறான். எதிர்ப்பக்கத்தவன் கோணம் பார்த்துக் குறுக்கே பாய்ந்து வருகிறான், சரியாகப் போய் முன்னால் நிற்கிறான், இடுப்பில் கை வைக்கிறான், அவ்வளவுதான், விட்டுவிடுகிறான். இருவரும் திரும்பி நடக்கிறார்கள். அதே பிளே மறுபடி. மறுபடி. பிசகிய இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, நீ ஏன் அங்கே நின்றாய், உனக்கு எதைப் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். பின்னாலிருந்து ஒருவன் "ஜான், ஒரு சந்தேகம்" என்கிறான். எண்பது தாண்டிய கிழவரை இருபது வயசுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் காதுக்கு முதலில் உறுத்தும். ஆனால் அந்தக் குரலில் இருந்த மரியாதையை 'சார் சார்' என்று நடுங்குகிற குரல்களில் நான் கேட்டதில்லை.

பையன்களைப் புல்லில் மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் இருப்பவனிடம் 'இன்னைக்குப் பொழுது எவ்வளவு நல்லா இருக்கு' என்று சொல்லச் சொல்லும் பயிற்சியும் அவரிடம் உண்டு. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அந்தப் பையன்கள் ஆடியதைப் பார்க்க வேண்டும். 1963-இல் பிரெய்ரி வியூவை 33-27 என்று வென்று தேசியப் பட்டம். 1965-இல் லின்ஃபீல்டை 33-0. 1976-இல் டவ்சனை 31-28. 1993-இல் ஆட்டத்துக்குச் சராசரி 61.5 புள்ளி. 2003-இல் கிராம்ப்ளிங்கின் எடி ராபின்சன் வைத்திருந்த 408 வெற்றி என்ற சாதனையைத் தாண்டினார். ராபின்சனும் லூயிசியானாவில் ஒரு சிறிய கறுப்பினக் கல்லூரியை வளர்த்தெடுத்தவர். சாதனை ஒரு சின்ன இடத்திலிருந்து இன்னொரு சின்ன இடத்துக்குக் கை மாறியதில் எனக்குத் தனிச் சந்தோஷம். அதே வருடம் டிசம்பரில், தொடர்ந்து 55 ஆட்டம் ஜெயித்து வந்த மவுன்ட் யூனியனை 24-6 என்று வீழ்த்தி நான்காவது தேசியப் பட்டம்.

வாரம் முழுக்க டேக்கிள் செய்யாதவன் சனிக்கிழமை எப்படிச் செய்வான்? எல்லாரும் கேட்கிற கேள்வி. கல்லூரி வரைக்கும் ஆடி வந்தவனுக்கு ஒருவனைச் சாய்க்கத் தெரியும். அவனுக்குத் தெரியாதது, அந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும் என்பது. ஜான் 90 நிமிடத்தையும் அதற்கே செலவு செய்தார். சனிக்கிழமை வரும்போது எதிரணியில் நான்கு பேர் கட்டுப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவருடைய பையன்கள் முழு உடம்போடு, ஆட்டத்துக்கு ஏங்கிப்போய் வருவார்கள்.

எதிர்வாதம் வரும், தெரியும். 'கரடி' (Bear) என்று பட்டப்பெயர் பெற்ற புகழ்பெற்ற கோச் பிரையன்டைச் சொல்வார்கள். 1954-இல், அதாவது ஜான் செயின்ட் ஜான்ஸுக்கு வந்த மறுவருடம், டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்துகிற வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் பயிற்சி கொடுத்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓடிப்போனார்கள். அதைக் காவியம் போலப் பாடுகிறார்கள் இன்றைக்கும். அந்த வருடம் அந்த அணி ஜெயித்தது ஒரே ஆட்டம், தோற்றது ஒன்பது. இரண்டு வருடம் கழித்துத் தோல்வியே இல்லாமல் ஆடினார்களே என்பார்கள். உண்மைதான். பிரையன்ட் பெரிய கோச், அதில் சந்தேகமில்லை; அலபாமாவில் ஆறு தேசியப் பட்டம் எடுத்தவர். ஆனால் அந்த வெற்றி தண்ணீரைப் பிடுங்கியதால் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தண்ணீர் கொடுத்தவர் 489 ஜெயித்தார். பிரையன்ட் ஜெயித்தது 323.

ஜான் அணி ஆடியது கல்லூரி ஆட்டங்களின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் மூன்றில்தானே, எதிரிகளும் சின்னக் கல்லூரிகள்தானே என்பது அடுத்த வாதம். ஆமாம். அதே அளவுக் கல்லூரிகள், அதே விதிகள், அதே மாதிரிப் பையன்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் முழுக்க மோதிப் பழகிவிட்டு வந்து இவரிடம் தோற்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சரியான இடம் கிடையாது.

இந்த ஜங்ஷன் மோகம் பழங்கதையாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். நம் தொழில்முறை அணியான மினசோட்டா வைக்கிங்ஸின் ஆட்டக்காரர் கோரி ஸ்ட்ரிங்கர், 2001 ஆகஸ்டில் மன்கேட்டோ பயிற்சி முகாமில் வெயில் தாக்கி இறந்தார். வயது 27. 2018-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் பயிற்சியில் சுருண்டு விழுந்து, இரண்டு வாரத்தில் போய்விட்டார். வயது 19. ஜான் 1943-இல் சரிசெய்த விஷயம் இது. எழுபத்தைந்து வருடம் கழித்தும் ஒரு தாய் இதற்காக அழுகிறாள் என்றால் எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

மூளை விஷயம் இன்னும் பெரியது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடிய 111 பேரின் மூளையில் 110-இல் சிடிஈ (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு) பாதிப்பு இருந்தது. குடும்பத்தார் சந்தேகப்பட்டுத் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை. ஆடுகிற எல்லாருக்கும் அதே விகிதம் என்று யாரும் பயமுறுத்தக் கூடாது. பெற்றோர் கவனிக்க வேண்டியது அதைவிட 2021-இல் வந்த இன்னொரு ஆய்வை. பெரிய கல்லூரி அணிகள் ஆறில் பல வருடம் கணக்கெடுத்தார்கள். தலையதிர்ச்சிக் காயங்களில் 72 சதவீதம் பயிற்சியில் நடந்தவை. கூட்டம் ஆரவாரம் செய்யும் ஆட்டத்தில் அல்ல, யாரும் பார்க்காத செவ்வாய், புதன்கிழமைகளில். தடுத்திருக்கக் கூடியவை.

பெரிய இடங்கள் இப்போதுதான் மெதுவாக இந்தப் பக்கம் வருகின்றன. டார்ட்மத் கல்லூரியில் கோச் பட்டி டீவன்ஸ் 2010-இல் பயிற்சி டேக்கிளை நிறுத்தினார். அங்கே பொறியியல் மாணவர்கள் ஓடும் ரோபோ பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார்கள், டேக்கிள் பழக. 2015-இல் ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் போன்ற பழைய பல்கலைக்கழகங்களின் லீக்) பட்டத்தில் பங்கு பெற்றார்கள். 2016-இல் ஐவி லீக் கோச்சுகள் எல்லாரும் சீசன் நேரப் பயிற்சியில் முழு டேக்கிளை விலக்க வாக்களித்தார்கள். ஜான் தொடங்கி எழுபது வருடத்துக்குப் பிறகு.

இது செயின்ட் ஜான்ஸ் போன்ற இடத்தில் ஏன் முடிந்தது? டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. பெரிய கல்லூரியில் பையனைப் பணம் கட்டிப்போடுகிறது; கோச் என்ன செய்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். இங்கே அவன் நாளைக்கே ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு லைப்ரரிக்குப் போகலாம், யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அவனாக விரும்பி வந்தால்தான் அணி. ஆகவே கோச் அவனை மனிதனாக நடத்தியே ஆக வேண்டும். டிவிக்காரர்களும் பணக்கார நன்கொடையாளர்களும் தலைமேல் ஏறி நிற்கவில்லை. நிர்வாகம் ஒரே ஆளை 1953-இலிருந்து 2012 வரை நம்பியது.

சின்ன இடம் என்பதால் கூட்டம் வராது என்றும் நினைக்க வேண்டாம். மரங்கள் சூழ்ந்த சரிவில் இயற்கையாகவே கிண்ணம் போல் அமைந்த கிளெமென்ஸ் ஸ்டேடியத்தில், அக்டோபரில் இலை சிவக்கும் சனிக்கிழமைகளில், தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருக்கும். செயின்ட் பாலில் இருக்கும் இன்னொரு கத்தோலிக்கக் கல்லூரியான செயின்ட் தாமஸோடு 1901-இலிருந்து வந்த போட்டிக்கு 2017-இல் டார்கெட் ஃபீல்ட் ஸ்டேடியத்தில் 37,355 பேர் வந்தார்கள். டிவிஷன் மூன்றில் அதுவரை காணாத கூட்டம். அந்த ஆட்டம் 20-17 என்று நம் கையைவிட்டுப் போனது. அதே சீசனில் செயின்ட் தாமஸ் இன்னொரு கல்லூரியை 97-0 என்று நசுக்கியது. 2019-இல் லீக்கே அவர்களை வெளியேற்ற முடிவெடுத்தது. இப்போது டிவிஷன் ஒன்றில் ஆடுகிறார்கள். கடைசியாக 2019 அக்டோபரில் 38-20 என்று ஜெயித்து முடித்தோம் என்ற ஆறுதலைத் தவிர, அந்தப் போட்டி நின்றதில் எனக்கு வருத்தம்தான். பலவீனமான கல்லூரிகளின் கவலையும் நியாயமானது. இருந்தாலும் நூறு வருட உறவை அறுத்தது சரியில்லை என்றே இன்றும் சொல்வேன்.

ஜான் 2018 அக்டோபரில், 91 வயதில் காலமானார். அவரிடம் நீண்டகாலம் உதவியாளராக இருந்த கேரி ஃபாஷிங் 2013-இல் பொறுப்பை ஏற்றார். அணி தொடர்ந்து ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகஸ்டில் பள்ளிகளில் பயிற்சி தொடங்கும். அதற்கு முன்னால் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். நமக்கு இந்த ஆட்டம் தெரியாது, நாம் ஏன் வாய் திறக்க வேண்டும் என்று பின்வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். கையைத் தூக்கிக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் முழு டேக்கிள்? வெயில் எந்த அளவைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்துவீர்கள்? பையன் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் உண்டா? பயிற்சியின்போது மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவர் மைதானத்தில் இருப்பாரா? கோச் முகம் சுளித்தால் ஜான் கலார்டியின் பெயரைச் சொல்லுங்கள். மினசோட்டாவில் ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கும் யாரும் அந்தப் பெயர் தெரியாது என்று சொல்ல முடியாது. என்ன பதில் வந்தது என்று கமென்டில் எழுதுங்கள், பள்ளியின் பெயர் வேண்டாம். நான் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகிறேன்.