பல்டிக்கு நாள் பார்த்த ஹம்ஃப்ரி

கமலா ஹாரிஸ் தோற்றதிலிருந்து ஒரு சண்டை ஓயாமல் நடக்கிறது. காஸா விஷயத்தில் பைடனை விட்டு விலகியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று ஒரு கோஷ்டி. விலகியிருந்தால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்பார் என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பேருமே சாட்சிக்குக் கூப்பிடும் ஆள் ஒருவர்தான்: வியட்நாம் போர் நடந்தபோது துணை ஜனாதிபதியாக இருந்து, 1968-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று தோற்ற ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. பெயரை இழுக்கிறார்களே தவிர அந்த மனிதர் என்ன செய்தார், எப்போது செய்தார் என்று முழுசாகச் சொல்வதில்லை. சொன்னால் இரண்டு வாதமும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

ஹம்ஃப்ரி கோழை என்று நினைப்பவர்கள் முதலில் 1948-க்குப் போக வேண்டும். அப்போது அவர் மினியாபொலிஸ் மேயர், 37 வயது. ஜனநாயகக் கட்சி மாநாட்டில் எழுந்து, கறுப்பின மக்களின் உரிமையைக் கட்சி வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும் என்று பேசினார். தெற்கு மாநிலப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் மாநாட்டைவிட்டே வெளியேறினார்கள். அசரவில்லை. 1964-ல் இனப்பாகுபாட்டுக்கு எதிரான குடிமை உரிமைகள் சட்டத்தை செனட்டில் நிறைவேற்ற மாதக்கணக்கில் முன்னால் நின்று மல்லுக்கட்டியவரும் அவர்தான். முதுகெலும்பு இல்லாத ஆள் இல்லை.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். 1965 பிப்ரவரியில், துணை ஜனாதிபதியாகப் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜனாதிபதி ஜான்சனுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார். வியட்நாமில் போரைப் பெரிதாக்க வேண்டாம் என்பது அதன் சாரம். அதில் அறநெறிப் பாடம் எதுவும் இல்லை, பச்சையான அரசியல் கணக்கு. போன நவம்பரில்தான் 61 சதவீத வாக்கோடு ஜெயித்திருக்கிறோம், குடியரசுக் கட்சி சுருண்டு கிடக்கிறது, விலகி வருவதற்கு இதைவிடக் குறைந்த அரசியல் ஆபத்து உள்ள வருடம் கிடைக்காது. இப்போது விட்டால் நாளைக்கு எதிர்ப்பு நம் கட்சிக்குள்ளிருந்தே, தாராளவாதிகளிடமிருந்தும் தொழிலாளர்களிடமிருந்தும் வரும் என்று எழுதினார். மூன்று வருடம் கழித்து அச்சு அசலாக அதுதான் நடந்தது.

ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் வியட்நாம் பற்றிய முக்கியக் கூட்டங்களில் ஹம்ஃப்ரிக்கு இடமே இல்லை. பதவியில் இருந்துகொண்டே தள்ளிவைக்கப்பட்டார். 1966 பிப்ரவரியில் தெற்கு வியட்நாம் தலைநகரான சைகோன் போய்வரச் சொன்னார்கள். போனார், வந்தார், போரின் முதல்தரப் பிரசாரகராக மாறினார். ‘பல்டி’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். 1968-ல் செய்தது, முதலில் நின்ற இடத்துக்குப் பாதி தூரம் திரும்பி வந்ததுதான்.

எனக்கு இங்கே கும்பகர்ணன் ஞாபகம் வராமல் இருக்காது. சபையில் அண்ணனுக்குச் சரியான புத்தி சொன்னான், எடுபடவில்லை, செஞ்சோற்றுக் கடன் என்று களத்துக்குப் போனான். நாம் அவனைப் பாவம் என்றுதான் பார்க்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கும்பகர்ணன் கடன் தீர்த்தது அவன் உயிரை வைத்து. ஹம்ஃப்ரி கடன் தீர்த்தது யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் உயிரை வைத்து.

சரி, 1968. ஜனவரி கடைசியில் வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல். மார்ச்சில் நியூ ஹாம்ஷயர் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஹம்ஃப்ரியின் சொந்த மாநிலமான மினசோட்டாவின் செனட்டரும் போர் எதிர்ப்பாளருமான யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கி ஜான்சனை உலுக்கினார். ராபர்ட் கென்னடி களத்துக்கு வந்தார். மார்ச் 31 அன்று ஜான்சன் போட்டியிலிருந்தே விலகினார். அப்புறம் மார்ட்டின் லூதர் கிங் கொலை, ஜூனில் கென்னடி கொலை. ஏப்ரல் கடைசியில் வேட்பாளரான ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நேரடியாகப் போட்டியிடவில்லை. கட்சிப் பெரிய மனிதர்களின் கையில் இருந்த பிரதிநிதிகளே போதுமாக இருந்தது. அந்தப் பிரதிநிதிகளில் பெரும்பகுதி ஜான்சனுடைய ஆட்கள். முடிச்சு அங்கேதான்.

ஜூலையில் ஹம்ஃப்ரியின் குழு வியட்நாம் பற்றி ஒரு தனி அறிக்கை தயார் செய்தது. அதை வெளியிட்டாரா? இல்லை. வெள்ளை மாளிகைக்கு எடுத்துப்போய் ஜான்சனிடம் காட்டினார். வடக்கு வியட்நாமோடு பாரிஸில் நடக்கும் சமாதானப் பேச்சுவார்த்தை கெட்டுவிடும், வியட்நாமில் இருக்கும் தன் இரண்டு மருமகன்களின் உயிருக்கும் ஆபத்து என்று ஜான்சன் சீறினார் என ஹம்ஃப்ரி தரப்பில் பிற்பாடு சொன்னார்கள். அறிக்கை பைக்குள் போனது. ஆகஸ்டில் சிகாகோ மாநாடு. போர் எதிர்ப்பாளர்களுக்கும் பொறுக்கக்கூடிய ஒரு சமரச வாசகத்தை ஹம்ஃப்ரியின் ஆட்கள் தயாரித்தார்கள். டெக்சஸ் பண்ணையில் இருந்தபடியே ஜான்சன் அதையும் வேண்டாம் என்றார். இவர் மறுபடி மடங்கினார். குண்டுவீச்சை நிறுத்தக் கோரிய தீர்மானம் சுமார் 1,567-க்கு 1,041 என்று தோற்றது. தோற்ற பிரதிநிதிகள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டார்கள். அன்று இரவு கான்ராட் ஹில்டன் ஹோட்டல் வாசலில் போலீஸ் இளைஞர்களை அடித்துத் துவைத்ததை நாடே டிவியில் பார்த்தது. அதே ஹோட்டலின் 25-ஆம் மாடியில்தான் ஹம்ஃப்ரி தங்கியிருந்தார். கண்ணீர்ப்புகை அங்கே வரைக்கும் ஏறியது.

ஜான்சனைக் கண்டு அவர் பயந்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாநாட்டில் ஜான்சனே மறுபடி குதிப்பார் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. தெற்கு மாநிலப் பிரதிநிதிகளைக் கண் அசைவில் திருப்பக்கூடியவர் அவர். விலகினால் துரோகி, விலகாவிட்டால் எடுபிடி. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைமை. ஆனால் ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு இந்தக் காரணம் செல்லாக்காசு ஆகிவிட்டது. வேட்பாளர் பதவி கையில். இனி யாரும் பிடுங்க முடியாது. அதற்கப்புறமும் ஒரு மாதம் முழுக்க ஏன் வாய் திறக்கவில்லை? எனக்கு இதற்கு மட்டும் சமாதானம் கிடைக்கவில்லை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கூச்சல், கேலி. செப்டம்பர் கடைசியில் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு: குடியரசுக் கட்சியின் நிக்சன் 43, ஹம்ஃப்ரி 28, இனப்பிரிவினையை ஆதரித்த மூன்றாம் கட்சி வேட்பாளர் வாலஸ் 21. அதாவது, இழக்க ஒன்றும் மிச்சமில்லாத நிலை வந்த பிறகுதான் வாய் திறக்க முடிந்தது.

செப்டம்பர் 30, சால்ட் லேக் சிட்டி. அரைமணி நேரத் தொலைக்காட்சி உரைக்குக் கட்சி கடன் பட்டுக் காசு கட்டியது. வழக்கமாக எங்கே பேசினாலும் மேஜை முன்னால் துணை ஜனாதிபதியின் முத்திரை இருக்கும். அன்று அதைக் கழற்றிவிட்டார்கள். ஒளிபரப்புக்குச் சற்று முன்னால் ஜான்சனுக்கு போன் போட்டார், இந்தத் தடவை அனுமதி கேட்க அல்ல, தகவல் சொல்ல. பேசியது என்ன? நான் ஜனாதிபதியானால், சமாதானத்துக்காக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆபத்து என்று கருதி வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவேன் என்றார். கூடவே இரண்டு வால்: எதிரி தரப்பு நல்லெண்ணம் காட்டுகிறதா என்று பார்ப்பேன், ஏமாற்றினால் மறுபடி குண்டு வீசும் உரிமையை வைத்துக்கொள்வேன்.

எழுதி வைத்துப் படித்தால் இதற்கும் ஜான்சன் கொள்கைக்கும் பெரிய தூரம் இல்லை. ஒரு வழக்கறிஞர் எழுதிய மாதிரி இருக்கும். ஆனாலும் மறுநாளிலிருந்து காற்று திசை மாறியது. கூச்சல் அடங்கியது. காசோலைகள் வரத் தொடங்கின. ஒரு கூட்டத்தில் இளைஞர்கள் தூக்கிப் பிடித்த அட்டையில், ‘மனசார சொல்கிறீர்கள் என்றால் உங்களோடு இருக்கிறோம்’ என்று எழுதியிருந்தது. அந்த ‘என்றால்’தான் எத்தனை எச்சரிக்கையானது! மக்கள் எதிர்பார்த்தது போர் பற்றிய விரிவான திட்டத்தை இல்லை. இந்த ஆள் சொந்தக்காலில் நிற்கிறாரா என்பதை. அதற்கு ஒரு வாக்கியமும், கழற்றப்பட்ட ஒரு முத்திரையும் போதுமாக இருந்தது. பல்டி என்று கத்தியவர்கள் இருந்தார்கள், நிக்சன் உட்பட. அது ஒட்டவில்லை. தேர்தலுக்கு முந்தைய கடைசி காலப் கணிப்பு: நிக்சன் 42, ஹம்ஃப்ரி 40.

முடிவு எல்லோருக்கும் தெரியும். நிக்சன் 43.4, ஹம்ஃப்ரி 42.7, வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து லட்சம் வாக்குகள். ஒரு மாதம் முன்னாலேயே பேசியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று அடித்துச் சொல்கிறவர்களோடு நான் முழுக்க உடன்பட மாட்டேன். நிக்சன், வாலஸ் இருவரின் வாக்கையும் கூட்டினால் 57 சதவீதம் வருகிறது. அந்த வருடம் கலவரம், இனவெறுப்பு, சட்டம் ஒழுங்கு பயம் எல்லாம் சேர்ந்து ஓட்டுப் போட்டது. ஆனால் விலகினால் அழிந்துபோவோம் என்ற பயம் பொய் என்பதற்கு அந்த அக்டோபரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஓட்டுக் கணக்கை விடுங்கள். 1968 ஒரே வருடத்தில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் செத்தார்கள். வாரத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். வியட்நாமியர் சாவு அதைப்போல் பல மடங்கு. ஜூலையில் பைக்குள் போன காகிதம் செப்டம்பர் கடைசியில் வெளியே வருவதற்குள் எத்தனை வாரம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அவர் பேசியிருந்தால் அந்தச் சாவுகள் நின்றிருக்கும் என்று சொல்லவில்லை, ஜனாதிபதி ஜான்சன்தானே. ஆனால் ‘எப்போது சொன்னால் நமக்கு நல்லது’ என்று கணக்குப் போடும் வேட்பாளர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணிலேயே படுவதில்லை.

2004-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி வேறு மாதிரி மாட்டினார். ஈராக் போருக்கான 87 பில்லியன் டாலருக்கு ‘எதிர்த்து வாக்களிக்கும் முன் ஆதரித்துத்தான் வாக்களித்தேன்’ என்று சொல்லி, எதிரிக்கு விளம்பரமே தயாரித்துக் கொடுத்தார். அவருக்கு மனமாற்றத்தைவிட அதைச் சொன்ன விதம்தான் வினை. ஹாரிஸ் கதை ஹம்ஃப்ரிக்கு நெருக்கம்: அதே துணை ஜனாதிபதி பதவி, அதே சிகாகோவில் மாநாடு, பிரைமரியில் ஜெயிக்காமல் வந்த வேட்பாளர் பதவி. மிச்சிகன் பிரைமரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பைடனுக்கு ஓட்டுப் போடாமல் எதிர்ப்பைப் பதிவு செய்திருந்தார்கள். மாநாட்டு மேடையில் பாலஸ்தீன வம்சாவளிப் பேச்சாளர் ஒருவருக்குச் சில நிமிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அக்டோபரில் ஒரு டிவி நிகழ்ச்சியில், பைடனிலிருந்து எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று கேட்டபோது ‘அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை’ என்றார். ஹாரிஸுக்கு ஒரு சால்ட் லேக் சிட்டிகூட அமையவில்லை, அல்லது அமைத்துக்கொள்ளவில்லை.

நிக்சனைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. போரைக் கௌரவமாக முடிப்பேன் என்றார், எப்படி என்று கடைசிவரை சொல்லவில்லை. பாரிஸில் பேச்சு நடக்கும்போது நான் பேசினால் கெட்டுவிடும் என்று நல்ல பிள்ளை வேஷம் போட்டார். அதே நேரத்தில் அவர் தரப்பு, அன்னா செனால்ட் என்ற பெண்மணி மூலம் சைகோன் அரசுக்குச் செய்தி அனுப்பியது: பேச்சுவார்த்தைக்கு அவசரப்படாதீர்கள், எங்கள் ஆட்சியில் உங்களுக்கு நல்லது நடக்கும். ஜான்சனுக்கு ஒட்டுக்கேட்பு மூலம் அது தெரியும். ஹம்ஃப்ரியிடமும் சொன்னார்கள். ஹம்ஃப்ரி வெளியே சொல்லவில்லை. அந்த மௌனத்தை வைத்து இன்னொரு பதிவே எழுதலாம். போர் இன்னும் நான்கு வருடம் நீடித்து, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைத் தின்றது. இவ்வளவுக்கும் 1968 முழுக்க, ‘போரில் உங்கள் நிலைப்பாடு என்ன’ என்று ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர் ஹம்ஃப்ரிதான், நிக்சன் இல்லை.