அழகர் ஆற்றில் இறங்கும்போது அம்மா எங்கே இருந்தாள்?

பத்து வருடங்களாக ஒரு பெருமையைச் சுமந்துகொண்டு திரிந்தவன் நான். பயணத்தில் நாங்கள் வெளியே வாங்கிச் சாப்பிடுவதில்லை என்பதுதான் அது. எதிர் இருக்கைக்காரர் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து முகம் சுளிக்கும் நேரத்தில், எங்கள் பையிலிருந்து வாட்டிய வாழையிலையில் கட்டிய புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வெளியே வரும். அவருக்கும் ஒரு இட்லி நீட்டுவேன். "வீட்டில் செய்ததா?" என்பார். ஏதோ நானே செய்ததுபோல ஆமாம் என்பேன்.

இந்தக் கோடை விடுமுறையில் குட்டு உடைந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போக, அறுபது நாட்களுக்கு முன்பே காத்திருந்து பகல் ரயிலில் டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்புவதற்கு முந்தின இரவு வரை மனைவிக்கு அலுவலக வேலை. "கட்டுச்சோற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறிய பிறகுதான் இலையில் கட்ட வேண்டும் என்பது அன்றும் தெரியாது. வாசலில் ஆட்டோ வந்துவிட்டது, சுடச்சுடக் கட்டிவிட்டேன். ரயில் கொள்ளிடத்தை நெருங்கும்போது பொட்டலத்தைப் பிரித்தால் இலை வேர்த்து, சாதம் களியாகக் கிடக்கிறது. தயிர்சாதம் இன்னும் மோசம். அவள் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்ப்பாளாம். நான் கிண்ணத் தயிரையும் கவிழ்த்திருந்தேன். பல் கூசியது. நான்கு வயது மகன் ஒரு வாய் வாங்கிவிட்டு, "அம்மா செய்த சாதம் எங்கே?" என்று பைக்குள் தேடினான்.

மனைவி அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பாலத்துக்குக் கீழே விரிந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொள்ளிடம் இவ்வளவு அகலமா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை முறை இந்தத் தடத்தில் போயிருக்கிறோம்! யோசித்துப் பார்த்தேன். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஒவ்வொரு முறையும் தூங்கிவிடுவாள். பயணம் என்றாலே அவளுக்குத் தூக்கம் வந்துவிடும் என்று உறவினர்களிடம் கேலி பேசியிருக்கிறேன். அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்படியில் நின்றவளுக்குத் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

ஏப்ரல், மே வந்தால் முகநூலில் ஒரு வகைப் பதிவு தவறாமல் வரும். தாத்தா வீடு, பதினைந்து பேரப்பிள்ளைகள், நுங்கு, மொட்டைமாடியில் வற்றல், வரிசையாக உட்கார்ந்து உருண்டைச் சோறு. இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கிறது என்று ஒரு பெருமூச்சு. நானும் இரண்டு மூன்று எழுதியிருக்கிறேன், விருப்பக்குறிகளும் நிறையவே விழுந்தன. வற்றல் காய்ந்தது என்று எழுதுகிறோம். கூழ் கிண்டி, கொதிக்கக் கொதிக்கப் படியேற்றிய ஆளைப் பற்றி எழுதுவதில்லை. அந்த விடுமுறை நமக்குத்தான் விடுமுறை. வீட்டுப் பெண்களுக்கு வருடத்திலேயே வேலை அதிகமான மாதம் அது.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். அம்மா கல்யாணமாகி மதுரைக்கு வந்து நாற்பது வருடங்கள். அழகர்கோவிலிலிருந்து மண்டபம் மண்டபமாக நின்று வருகிற கள்ளழகர், சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக்குதிரையில் வைகையில் இறங்குவார். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்தவர், அது முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூர் பக்கம் திரும்பிவிட்டார் என்பது கதை. இரண்டும் ஒரு காலத்தில் தனித்தனி விழாக்கள், திருமலை நாயக்கர்தான் ஒன்றாக இணைத்தார் என்பார்கள். அந்த ஏற்பாட்டில் ஊருக்கு ஒரே கொண்டாட்டம், எங்கள் வீட்டுக்கு ஒரே கூட்டம். விடிகாலையில் ஆற்றுக்குப் போய்த் திரும்புகிற பதினெட்டு பேருக்கு இட்லி வேக வேண்டுமே! அம்மா வீட்டிலேயே நின்றுவிடுவாள். அழகருக்குச் சூடம் ஏற்றிக் காட்டுகிற சர்க்கரைச் சொம்பை வாழையிலையால் மூடிக் கட்டி யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். நாங்கள் திரும்பியதும் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வருடம் என்ன பட்டு?" அழகர் உடுத்தி வந்த பட்டு பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று முகம் மலரும்.

ரயிலில் அந்தக் களிச் சாதத்தைத் தின்று முடிப்பதற்குள் நானும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். ஆற்றில் இறங்குகிற அன்று வீட்டில் அடுப்பு எரியாது.

சொன்னதும் பெரிய ரகளை. "வந்தவர்களுக்குக் கடை இட்லியா?" என்று அம்மா பதறினாள். சித்தப்பா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சமைத்துப் போடுவது அம்மாவுக்கும் ஒரு கௌரவம், அதை நான் மறுக்கவில்லை. அதைப் பிடுங்குகிறோமோ என்ற உறுத்தல் எனக்கே இருந்தது. ஆனால், திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் ஊருக்கே விருந்து நடக்கிறது, கல்யாண வீடு மாதிரி சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வருகிறோம். தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம், சாமி நின்று போகிற மண்டகப்படிதோறும் பிரசாதம். ஊரே சமைத்துப் போடுகிற நாட்களில் நம் வீட்டு அடுப்பு மட்டும் ஏன் அணையக் கூடாது? (ஜிகர்தண்டாவுக்கும் இரண்டு முறை போனோம். சென்னையில் அந்தப் பெயரில் விற்பது வேறு ஏதோ பானம்.)

கடைசியில் அம்மாவைச் சம்மதிக்க வைத்தவள் என் எட்டு வயது மகள். "அப்பத்தா, நீ வராவிட்டால் நானும் போக மாட்டேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை, அவள் குள்ளம். பக்தர்கள் அழகர் மேல் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீரில் எல்லோரும் நனைந்துவிட்டோம். சொம்பின் மேல் ஏற்றிய சூடத்தை மட்டும் முந்தானையால் மறைத்துப் பிடித்திருந்தாள். என் தோளில் உட்கார்ந்திருந்த மகள்தான் கத்தினாள்: "பச்சை! அப்பத்தா, பச்சை!"

திரும்பும் வழியில் ஒரு மண்டகப்படியில் தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள். நடைபாதை ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா ஒரு வாய் எடுத்து, "உப்புப் போதவில்லை" என்றாள். முடித்துவிட்டு, இன்னொரு தொன்னை வாங்கி வரச் சொன்னாள்.